ஃபாரஸ்டர் கணவாய், ஜூன் தொடக்கம்: பனிமேல் இருபது கி.மீ.

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் மெக்சிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லை வரை சுமார் 4,265 கி.மீ. ஓடுகிறது. அதன் மிக உயரமான இடம் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் உள்ள ஃபாரஸ்டர் கணவாய், 4,009 மீ. பனி அதிகம் விழுந்த ஆண்டில் ஜூன் தொடக்கத்தில் பாதையே கண்ணுக்குத் தெரியாது. டிண்டல் ஓடையிலிருந்து கணவாய்க்கு சுமார் 7.5 கி.மீ., ஏற்றம் 700 மீ.; இறங்கி விடெட் புல்வெளிக்கு இன்னும் 12 கி.மீ. கோடையில் இது அரை நாள் வேலை. பனியில் முழு நாளும் போகும், அதுவும் நேரம் தவறாமல் நடந்தால்.

முந்தைய இரவு

வானம் தெளிந்திருந்தால் பனி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு இறுகும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் இறுகும். மேகம் மூடிய இரவில் அது நடக்காது. அதிகாலை மூன்று மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே காலை ஊன்றிப் பாருங்கள். கணுக்காலுக்கு மேல் புதைந்தால் அன்று கணவாய் கிடையாது, திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.

தூங்கும் பைக்குள் போக வேண்டியவை: தண்ணீர் வடிகட்டி, கேஸ் குப்பி, போன், பவர் பேங்க். நுண்குழல் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. உறைந்ததோ என்ற சந்தேகம் வந்தாலே அதைக் கைவிட்டு குளோரின் டையாக்சைடு மாத்திரைக்கு மாறிவிடுவது நல்லது. குளிர்ந்த நீரில் மாத்திரை முழுதாக வேலை செய்ய நான்கு மணி நேரம் ஆகும். ஈர ஷூவின் கயிறுகளை முழுக்கத் தளர்த்தி, வாயை அகல விரித்து வையுங்கள். கட்டியபடியே உறைந்த ஷூவுக்குள் காலையில் கால் நுழையாது. உலர்ந்த சாக்ஸ் தூங்க மட்டும். ஈர ஷூவுக்குள் அதைப் போட்டால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

3.30

அடுப்பு மூட்ட வேண்டாம். முந்தைய மாலையே ஊற வைத்த ஓட்ஸைத் தின்றுவிட்டுக் கிளம்பலாம். டிண்டல் ஓடையை இப்போதே கடந்துவிட வேண்டும்: பகல் முழுதும் உருகும் நீர் மாலையில்தான் உச்சத்துக்கு வரும், விடியலுக்கு முன் குறைந்திருக்கும். இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, பக்கவாட்டில் நகருங்கள். வார் மாட்டியபடி விழுந்தால் பை உங்களை நீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கால் மரத்துப்போகும்; நிற்காமல் அரைமணி நடந்தால் சரியாகும்.

மைக்ரோஸ்பைக்கை (ஷூவுக்கு அடியில் மாட்டும் சிறு இரும்புப் பற்கள்) ஓடை தாண்டியதும் மாட்டலாம். அதன் பல் ஏறத்தாழ ஒரு செ.மீ. நீளம்தான். சாய்வு மிதமாக இருக்கும்வரை போதும், செங்குத்தான கெட்டிப் பனிக்கட்டியில் வழுக்கும். கணவாய் முகப்பில் கிராம்பான் (ஷூவில் மாட்டும் நீண்ட பல் சட்டம்) தேவையா என்று பலர் கேட்கிறார்கள். சரியான நேரத்தில் போனால் தேவையில்லை, இருட்டிலேயே ஏறப்போகிறீர்கள் என்றால் தேவை. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே பனி பணியாரக் கல் போலக் குழிகுழியாக இருக்கும். இறுகியிருக்கும்போது விளிம்புகளில் கால் வைத்துத் தாண்டிப் போனால் வேகம் குறையாது.

போனில் தெரியும் கோடு பனிக்கு அடியில் உள்ள பாதை. அதையே ஒட்டிப் போக வேண்டியதில்லை, நிலத்தின் சாய்வைப் பார்த்துப் போங்கள். முன்னால் போனவரின் காலடித்தடத்தையும் அப்படியே நம்பாதீர்கள், அவரும் வழி தெரியாமல் போயிருக்கலாம்.

6.30-க்குள் வெயில் கண்ணாடி, பக்கவாட்டு மறைப்போடு. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கண் எரிச்சல் பல மணி நேரம் கழித்து, இரவில்தான் தெரியும். சன்ஸ்கிரீனை மூக்குத் துவாரத்தின் அடியிலும் தாடைக்குக் கீழும் பூசுங்கள். வெயில் கீழிருந்தும் அடிக்கும்.

7.30 முதல் 9 வரை: தெற்கு முகம்

பாறையை வெட்டி அமைத்த வளைவுப் பாதை தெற்கு நோக்கியிருப்பதால் பெரும்பாலும் வெளியே தெரியும். சிக்கல் உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவில் பனி அடைத்துக்கொண்ட ஒரு செங்குத்துச் சரிவு. அகலம் சில மீட்டர்தான், கீழே விழும் ஆழம் பெரிது. மிகச் சீக்கிரம் போனால் பனி கண்ணாடிபோல் வழுக்கும், தாமதித்தால் கூழ். ஷூ நுனியை உதைத்தால் அரை அடி பதியும் நேரமே சரியான நேரம்.

ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) மலைப்பக்கக் கையில், கூர்மூக்கு பின்னோக்கி. தண்டைப் பனியில் செருகி, பிறகு இரண்டு காலடி, மறுபடி செருகல். ஒருவர் முழுதும் கடந்த பின்பே அடுத்தவர். வழுக்கினால் முதல் நொடியிலேயே குப்புறத் திரும்பி, ஆக்ஸ் தலையைத் தோளருகே வைத்து, உடல் எடையை அதன்மேல் போட வேண்டும்; வேகம் கூடிவிட்டால் நிறுத்துவது கடினம். இதை முன்பே, கீழே பாறையில்லாத சிறு சரிவில் பழகிக்கொள்ளாமல் ஆக்ஸைச் சுமப்பது வீண் எடை.

இறக்கம்

வடக்குப் பக்கம் சறுக்கி இறங்க ஆசை வரும். மைக்ரோஸ்பைக்கைக் கழற்றிவிட்டுத்தான் சறுக்க வேண்டும். பல் பனியில் மாட்டிக் கணுக்கால் முறிவது இப்படித்தான். சரிவு முடியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அங்கே பாறையோ ஏரியோ இருக்கக்கூடாது.

பத்தரைக்கு மேல் பனி விட்டுக்கொடுக்கத் தொடங்கும். தொடை வரை கால் புதையும் இடங்கள் பெரும்பாலும் பாறையையும் மரத்தையும் ஒட்டியவை: வெயிலில் சூடான பாறை சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்கிக் குடைந்திருக்கும். துருத்திய பாறையிலிருந்து ஒரு மீட்டராவது விலகி நடங்கள். கால் மாட்டினால் இழுக்காதீர்கள். ஷூ உள்ளே நின்றுவிடும், இல்லையேல் முழங்கால் திருகும். ஆக்ஸால் சுற்றித் தோண்டி எடுங்கள். பப்ஸ் ஓடையின் தலைப்பில் உள்ள பனிப்பாலங்களில் அடியில் நீர்ச் சத்தம் தெளிவாகக் கேட்டால் அங்கே மிதிக்காதீர்கள். காட்டுக்குள் மணிக்கு ஒன்றரை கி.மீ. வந்தாலே நல்ல வேகம். இந்தத் தூரத்தைத் திட்டத்தில் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

2.00, விடெட் புல்வெளி, சுமார் 2,900 மீ.

வெயில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஷூ, சாக்ஸ், கூடாரம் எல்லாம் பாறையில் காய வேண்டும். ஓடும் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் பனியை உருக்காதீர்கள். பனியை நீராக்க மட்டுமே, அதே நீரைக் கொதிக்கவைக்கத் தேவையான வெப்பத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் செலவாகும். வேறு வழியில்லையென்றால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் நீர் விட்டுத் தொடங்குங்கள், வெறும் பனி அடிபிடித்து நாறும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேக நெடுநேரம் ஆகும். நூடுல்ஸ், உடனடி உருளைக்கிழங்கு மாவு போதும்.

இந்தப் பகுதியில் கரடி திறக்க முடியாத உணவுக் குடுவை கட்டாயம். பெரிய அளவு காலியாகவே 1.2 கிலோ, அடக்கிப் போட்டால் ஏழு நாள் உணவு கொள்ளும். கூடாரத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி, உருண்டு ஓடையில் விழாத இடத்தில் வையுங்கள். அதில் இரண்டு நாளுக்கும் குறைவாக மிச்சமிருந்தால் மறுநாள் பாதையில் அடுத்து வரும் க்ளென் கணவாயை விட்டுவிட்டு, கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் பள்ளத்தாக்குக்கு (Onion Valley) இறங்கி, அங்கிருந்து கீழே ஊருக்குப் போய் உணவு நிரப்பிக்கொண்டு திரும்புவதே சரி. கியர்சார்ஜும் 3,500 மீட்டருக்கு மேல், அதற்கும் விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும்.