அக்கம்பக்கம் தூங்கட்டும் என்று வாசித்த பியானோ
ஜெர்மன் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராமின் 'ஃபெல்ட்' ஆல்பம் (2011) ராத்திரிக்கென்றே செய்த இசை மாதிரி இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. பெர்லினில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக் கூடாதென்று பியானோ தந்திகளுக்கு முன்னால் தடித்த கம்பளித் துணியை வைத்து வாசித்தார். மைக்கைத் தந்திகளுக்கு ஒட்டினாற்போல் வைத்தார். அதனால் பியானோவுக்குள் தந்தியைத் தட்டும் சுத்தியல் எழும்பி விழுவது, மரம் முனகுவது, அவர் மூச்சு விடுவது எல்லாமே கேட்கிறது. வேறு யாராவது இதை இரைச்சல் என்று துடைத்திருப்பார்கள். எனக்கு அதில்தான் உயிரே இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது போலவே தோன்றிவிடுகிறது. பல இடங்களில் ஒரு சுரம் அடங்கும்வரை அடுத்தது பொறுமையாகக் காத்திருக்கும். இதையெல்லாம் பின்னணி இசை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் பாதி காதில் விழாது. ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் குறைத்தே வைத்துக் கேளுங்கள்.