ஈரலில் ஒரு வெள்ளைப் புள்ளி

சாப்பிட்டதும் மேல்வயிறு நொந்ததால், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கான் எடுக்கப் போனேன். கல் இல்லை. ஆனால் றிப்போட்டின் அடியில் ஒரு வரி: ஈரலின் வலப்பக்கத்தில் 5 மில்லிமீற்றரில் கல்சிஃபிகேஷன். ஸ்கான் எடுத்தவரிடம் என்னவென்று கேட்டேன். "டொக்டரிட்ட காட்டுங்கோ" என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். டொக்டர் வருவதோ அடுத்த கிழமை.

உப்புவெளிக்கு பஸ் வந்து சேர்வதற்குள் போனில் தேடி முடித்துவிட்டேன். கல்சிஃபிகேஷன் என்றால் கல்சியம் படிந்திருப்பதாம். குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவும் சில புற்றுநோய்களிலும் கல்சியம் படியுமாம். அதே பக்கத்தில், பெரும்பாலும் இது பழைய தொற்று ஆறிய தழும்புதான் என்றும் இருந்தது. அந்த வரியில் கண் நிற்கவில்லை. இரவில் விலாவுக்குக் கீழே விரலால் அமத்தி அமத்திப் பார்த்தேன். அப்படி அமத்தினால் யாருக்கும் நோகத்தான் செய்யும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மச்சாள் எங்கள் கிணற்றைக் குறை சொன்னாள். கேத்தலின் அடியில் படிந்திருந்த வெள்ளையைக் கரண்டிக் காம்பால் சுரண்டி உள்ளங்கையில் கொண்டுவந்து காட்டினாள். "உதுதான் மச்சாள், உங்கட ஈரலிலயும்." மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதையே நிறுத்திவிட்டார். ஸ்கான் எனக்கு, பத்தியம் அவருக்கு! நான் பாலையும் நெத்தலியையும் விட்டேன்.

டொக்டர் றிப்போட்டை ஒருதரம் பார்த்துவிட்டு என்னைத்தான் விசாரித்தார். மெலிந்தீர்களா, காய்ச்சல் வந்ததா, பசி எப்படி. அப்புறம், "சின்ன வயசில வீட்டில யாருக்கும் காசநோய் இருந்ததா?"

அம்மம்மாவுக்கு இருந்தது. 1990இல் முல்லைத்தீவுப் பக்கம் இடம்பெயர்ந்து, ஒரே கூரையின் கீழ் நாலைந்து குடும்பங்கள் கிடந்த காலம். நான் அம்மம்மாவின் பாயில்தான் படுப்பேன். எனக்கு இருமல்கூட வந்ததாக ஞாபகம் இல்லை.

"தெரியாமலே வந்து போயிருக்கலாம்" என்றார். கிருமி நுரையீரலுக்குள் போய், இரத்தத்தோடு ஈரலுக்கும் சேரும். உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடக்கும். ஆறிய இடத்தில் பிறகு கல்சியம் படியும். குடிக்கிற தண்ணீருக்கும் பாலுக்கும் இதில் பங்கே இல்லையாம். நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலிலும் குண்டூசித் தலையளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. புள்ளியைச் சுற்றிக் கட்டி இல்லை, பித்தக்குழாய் வீங்கவும் இல்லை. அப்படி ஏதும் இருந்திருந்தால் சிடி ஸ்கானுக்கு அனுப்பியிருப்பாராம். புள்ளிக்கு மருந்து கிடையாது. வயிற்று நோவுக்கு மட்டும் காஸ்ட்ரிக் குளிசை. றிப்போட்டை எறியாமல் வைத்திருக்கச் சொன்னார். இனி எங்கே ஸ்கான் எடுத்தாலும் அதைக் காட்டினால், புதிதாக வந்தது என்று யாரும் பயப்படுத்த மாட்டார்கள். இவ்வளவையும் வேண்டாம், "பொதுவா இது பயப்படுற விசயமில்ல" என்று ஒரு வசனத்தை ஸ்கான் எடுத்த இடத்திலேயே சொல்லியிருந்தால், நான் அந்தக் கிழமை நித்திரை கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னதும் மாமி சுண்ணாம்பு டப்பியைத் திறந்தார். மச்சாள் மட்டும் இன்னும் போத்தல் தண்ணீர்தான் வாங்குகிறாள்.