செத்த டெக்ஸ்டரை எழுப்பிவிட்டார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சட்டத்துக்குத் தப்பிய கொலைகாரர்களைத் தேடிக் கொல்லும் மியாமி பொலிஸ் இரத்த நிபுணன் ஒருவனின் கதையான 'டெக்ஸ்டர்' என்ற அமெரிக்கத் தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது முழுக்க முடிவுகளைப் பற்றித்தான்.

2025 ஜூலை. கச்சான் காற்று வீட்டுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் தம்பி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஆள் சாகேல்லையாம்" என்றான். யாரென்று நான் கேட்கவில்லை. 2022 ஜனவரியில், அதன் தொடர்ச்சியாக வந்த 'நியூ பிளட்' கடைசி எபிசோடில் பனிக்குள் வைத்து மகன் ஹரிசன் டெக்ஸ்டரின் நெஞ்சில் சுட்டதை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்துதான் பார்த்தோம், தம்பி அன்றைக்கு அழுதுவிட்டான். இப்போது 'ரெசரக்‌ஷன்' என்ற அடுத்த தொடரின் முதல் எபிசோடில் அதே மனிதன் பத்து வாரம் கோமாவில் கிடந்துவிட்டுக் கண்ணைத் திறக்கிறான். எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் மனதுக்குள் என்னவோ இடித்தது.

இந்தத் தொடர் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொன்னால்தான் அந்த இடிப்பு விளங்கும். முதல் சீசன் அமெரிக்காவில் தொடங்கியது 2006 ஒக்டோபர் 1ஆம் திகதி. அந்த வருடம் ஜனவரி 2ஆம் திகதிதான் திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. பின்னேரம் கடற்கரைக்குப் போவதை அம்மா அதோடு நிறுத்திவிட்டா, ஆறு மணிக்கு முன்னமே கதவைச் சாத்திவிடுவா. டெக்ஸ்டர் என்று ஒரு தொடர் இருப்பதெல்லாம் பல வருடம் கழித்து, மச்சாள் ஒருத்தி கொடுத்த டிவிடிக்களில்தான் எனக்குத் தெரிய வந்தது.

முதல் எபிசோடின் முதல் கொலை ஞாபகம் இருக்கிறதா? சிறுவர்களைக் கொன்ற ஒருவனைப் பிடித்து, அவன் புதைத்த உடல்களையே தோண்டி எடுத்து வைத்து, பார், நீ செய்ததைப் பார் என்று டெக்ஸ்டர் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்புவான். கொலையை விட அந்தத் திருப்புதல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படிப் பார்க்க வைத்ததில்லை. 2019 ஜூலையில் அந்த ஐந்து பேருடைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் போதிய ஆதாரம் இல்லையென்று திருகோணமலை நீதிமன்றம் விடுவித்தது. அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்கு ஞாபகம் வந்தது, கொல்லப் போகிறவனை டெக்ஸ்டர் கட்டிப் போடும் அந்த மேசை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஆனால் தொடர் என்னை அந்த நினைப்போடு நிம்மதியாக இருக்க விடவில்லை. சட்டம் தவறவிட்டவர்களை மட்டும்தான் கொல்வேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, செத்ததெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்: கூட வேலை செய்த டோக்ஸ், குளியல் தொட்டியில் மனைவி ரீட்டா, மேலதிகாரி லகுவேர்டா, கடைசியில் தங்கை டெப்ரா. 'நியூ பிளட்'டில் லோகன். ஹரிசனுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத பொலிஸ்காரர். சிறைக் கூண்டிலிருந்து தப்புவதற்காக டெக்ஸ்டர் அவரைக் கொன்றான். ஹரிசன் சுட்டது அதற்காகத்தான், எனக்கு அது முழு நியாயமாகப் பட்டது. முதல் நான்கு சீசன்களை நடத்திய கிளைட் பிலிப்ஸ் திரும்பி வந்து செய்த வேலை அது. 2013இல் டெக்ஸ்டரைக் காட்டுக்குள் மரம் வெட்ட அனுப்பி முடித்த முடிவை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை, இதை மனதார ஏற்றுக்கொண்டேன்.

'நியூ பிளட்' முதல் எபிசோடை அம்மாவும் எங்களோடு இருந்து பார்த்தா. அதில் ஒரு வெள்ளை மான் வரும், டெக்ஸ்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னிடம் நெருங்க வைத்திருப்பான், ஒருவன் அதைச் சுட்டுவிடுவான், அந்த ஆத்திரத்தில் டெக்ஸ்டர் அவனைக் கொன்றுவிடுவான். எங்கள் ஊரில் மான் என்பது காட்டு மிருகம் இல்லை. கோட்டை வாசலில் நிற்கும், கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் கையில் இருக்கிற வாழைப்பழத்தைப் பார்த்துப் பின்னாலேயே வரும். மான் விழுந்ததும் அம்மா "ஐயோ, பாவி" என்று கத்திவிட்டா. சுட்டவனை டெக்ஸ்டர் மேசையில் கட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி இப்போதும் அடிக்கடி யோசிக்கிறேன்.

சரி, 'ரெசரக்‌ஷன்'. பத்து எபிசோட், கதை நியூயோர்க்கில். டெக்ஸ்டராக நடிக்கும் மைக்கேல் சி. ஹோல் 2006இல் செய்ததை விட இப்போது நன்றாகச் செய்கிறார், ஹரிசனோடு பேசும் இடங்களில் அந்த முகம் தயங்குவதைப் பார்க்கவே உட்காரலாம். பீட்டர் டிங்க்லேஜ் கொலைகாரர்களின் பொருட்களைச் சேகரிக்கும் பணக்காரராக வருகிறார், அதுவும் நல்ல யோசனை. எனக்குத் தாங்க முடியாமல் போனது, டெக்ஸ்டரோடு மியாமி பொலிசில் வேலை செய்த பட்டிஸ்டாதான். டோக்ஸும் லகுவேர்டாவும் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு மியாமியிலிருந்து தனியாகப் புறப்பட்டு வந்த மனிதர். லகுவேர்டா அவருடைய முன்னாள் மனைவி. இத்தனை வருடத்தில் டெக்ஸ்டரைச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்தக் கடைசிவரை அலைந்தவர் அவர்தான், அவரை ஒன்பதாவது எபிசோடில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சாகும்போதும் டெக்ஸ்டரைத் திட்டிக்கொண்டேதான் சாகிறார். அடுத்த எபிசோட் முடியும்போது டெக்ஸ்டர் படகில் ஏறி அந்தப் பணக்காரரின் பிணத்தைக் கடலில் தள்ளிக்கொண்டு நிம்மதியாகப் போகிறான், நாங்களும் அவனோடு சேர்ந்து மூச்சு விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என்னால் முடியவில்லை. 'நியூ பிளட்'டில் கேள்வி கேட்க ஒரு மகனாவது இருந்தான். இங்கே அந்த மகனும் அப்பாவோடு சமாதானமாகிவிட்டான், கேட்க மிச்சமிருந்தவரையும் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது சீசன் வரப்போகிறதாம். பார்ப்பேன், விடமாட்டேன்.

கடைசி எபிசோட் முடிந்ததும் தம்பியிடம் கேட்டேன், பட்டிஸ்டாவின் வழக்கை இனி யார் எடுப்பார்கள் என்று.

"அடுத்த சீசனில பாப்பம் அக்கா" என்றபடி லப்டொப்பை மூடினான்.