வெஸ்தாவும் எங்கள் இலத்தீன் வகுப்பும்

எங்கள் காலத்தில் கல்லூரியில் இலத்தீன் இன்னும் ஒரு பாடமாக இருந்தது. எடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். படிப்பித்த மாஸ்டருக்குச் சமஸ்கிருதமும் நன்றாக வரும். ரோமக் கவிஞர் ஓவிட் திருவிழா நாட்களைப் பாடிய ‘ஃபாஸ்தி’யில், ஜூன் 9ஆம் திகதி வெஸ்தா திருவிழா வருகிற ஆறாம் புத்தகத்துக்கு வந்ததும் மனிசன் அங்கேயே குந்திவிட்டார்.

வெஸ்தா ரோமரின் அடுப்புத் தெய்வம். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டோம். “தம்பி, ரோமருக்கே வடிவாத் தெரியாததை நான் உமக்கு எப்பிடிச் சொல்லுறது?” என்றபடி சோக்கை எடுத்தார்.

ஓவிட்டுக்கு வெஸ்தாவும் பூமியும் ஒன்று. பூமி தன் பலத்தால் நிற்கிறது, ‘வி’ என்றால் பலத்தால், ‘ஸ்தாந்தோ’ என்றால் நின்று, ஆகவே வெஸ்தா. “காளமேகம் கேட்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்,” என்றார் மாஸ்டர். வீட்டு முன் விறாந்தைக்கு ‘வெஸ்திபுலும்’ என்று பேர் வந்ததற்கும் ஓவிட் வெஸ்தாவையே காரணம் காட்டுகிறார்: முன்னொரு காலத்தில் அடுப்பு வீட்டின் முகப்பில் இருந்ததாம். ரோம எழுத்தாளர் சிசரோ சுருக்கமாக, பெயர் கிரேக்கரின் தெய்வம் ஹெஸ்தியாவிலிருந்து வந்தது என்று முடித்துவிட்டார். கிரேக்கத்தில் அடுப்புக்கும் ஹெஸ்தியா என்றுதான் பேர்.

அப்புறம் மாஸ்டர் பலகையைத் துடைத்துவிட்டு இரண்டு வேர்களை எழுதினார். ஒன்று ‘வஸ்’, தங்கியிருத்தல். நாம் வாசம், வசிப்பிடம் என்கிறோமே, அது. மற்றது ‘உஷ்’, எரித்தல். உஷ்ணம் அதில் பிறந்தது. இலத்தீனில் எரிப்பதைச் சொல்லும் ‘ஊரோ’வும் இந்தக் குடும்பம்தான். வெஸ்தா எந்த வேரில் வந்தது என்று மொழியியலாளர் இன்றைக்கும் பிடுங்குப்படுகிறார்கள். ஹெஸ்தியாவும் வெஸ்தாவும் உண்மையில் உறவா என்பதிலும் ஒற்றுமை இல்லை.

பின் வாங்கு விழித்துக்கொண்டது வேறு கதையில். வெஸ்தா கோயிலில் அணையாமல் காக்கவேண்டிய நெருப்பு அணைந்தால், காவலிருந்த கன்னிப் பூசாரிக்குத் தலைமைக் குருவின் கையால் கசையடி. ஆறு முதல் பத்து வயதுக்குள் தெரிவாகி முப்பது வருடம் சேவை: பத்து வருடம் பழக, பத்து வருடம் செய்ய, பத்து வருடம் மற்றவர்களுக்குப் பழக்க. “அப்ப எங்கட படிப்பு பரவாயில்லை,” என்றான் ஒருவன். மாஸ்டரும் சிரித்தார்.

எனக்கு எரிதல் பக்கம்தான் மனம் சாய்கிறது. வேர்ச்சொல் ஆராய்ச்சியை விட அந்தக் கோயிலே காரணம். பல வருடம் கழித்து ரோமில் பழைய நகரச் சதுக்கமான ஃபோரத்துக்குப் போனேன். வெஸ்தாவின் வட்டக் கோயிலில் மிஞ்சியிருப்பது சில தூண்களும் ஒரு சுவர்த் துண்டும், அதுவும் இருபதாம் நூற்றாண்டில் ஒட்டிக் கட்டியது. உள்ளே சிலை இருந்ததில்லை என்று ஓவிட் எழுதியிருக்கிறார். நெருப்பு மட்டும். ஆண்டுதோறும் மார்ச் முதலாம் திகதி, அவர்களுடைய பழைய வருடப்பிறப்பில், அதைப் புதிதாக மூட்டுவார்கள். வெஸ்தா என்றால் உயிருள்ள சுடர், வேறொன்றுமில்லை என்று அதே ஓவிட் சில வரிகள் முன்னால் சொல்லியிருக்கிறார். பிறகெதற்கு அந்தச் சிலேடை? கவிஞருக்குக் கை சும்மா இருக்காது.

மாஸ்டர் ‘வஸ்’ கட்சி. வீட்டில் ஆள் இருந்தால்தானே அடுப்பு எரியும் என்பது அவர் வாதம். சோதனையில் இந்தக் கேள்வி வரவே இல்லை.