யூதப்பள்ளியில் அப்பாவின் வேட்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் தொழுகிற பரதேசி யூதப்பள்ளிக்கு மூன்று தடவை போனோம். உள்ளே போனது ஒரே தடவைதான்.

முதல் தடவை வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தால், கதவு பூட்டியிருந்தது. "சரி, நாளைக்குக் காலையிலேயே வந்துடலாம்" என்றேன், பெரிய திட்டக்காரன் மாதிரி. மறுநாளும் அதே பூட்டு. அந்தத் தெருவில் ஏலக்காய் விற்கிற சேட்டன் சிரித்துக்கொண்டே விளக்கினார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை சப்பாத்து, யூதர்களின் ஓய்வு நாள். அதனால் வெள்ளி மதியமே மூடிவிடுவார்களாம். அந்த நேரத்தில் வேலை கிடையாது, காசு புழங்கக் கூடாது, அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டார்கள்.

"அடுப்பு கிடையாதா?" அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "அப்போ சோறு?"

முன்கூட்டியே சமைத்துச் சூடு ஆறாமல் வைத்துக்கொள்வார்களாம். கறியையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள், பாத்திரம்கூடத் தனித்தனி என்றார். "நம்ம மீன் சட்டி மாதிரி" என்று அம்மா தலையாட்டினாள். மோசே காலத்துச் சட்டம் மீன் சட்டியில் அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. ஆனால் நான் அரை டிராயரில் இருந்தேன். கால் தெரிய உள்ளே விடமாட்டார்கள். அப்பா பையிலிருந்து தன் வேட்டியை எடுத்து நீட்டினார். கல்யாணத்துக்கே ஒட்டிக்கோ வேட்டி கட்டியவன் நான். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி 1568-இல் கட்டிய பள்ளிக்குள் நுழைந்தேன்.

தலைக்கு மேல் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி அடைத்த மேடை, அதில் நின்றுதான் தோரா என்கிற யூத வேதத்தை வாசிப்பார்கள். அம்மா இதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தரையில் பதித்திருப்பது சீனாவிலிருந்து வந்த, கையால் நீலத்தில் வரைந்த வெள்ளை ஓடுகள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்று யாரோ சொல்லப்போக, குனிந்து ஜோடி தேட ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், இந்த மரம் அங்கேயும் இருக்கு பாரு."

பார்க்கக் குனிந்தேன். மரம் வேறுதான், கிளை கொஞ்சம் தள்ளி வளைந்திருந்தது. அதை நிமிர்ந்து சொல்வதற்குள் வேட்டி கணுக்காலுக்கு வந்துவிட்டது. உள்ளே டிராயர் இருந்தும் மானம் போனது போனதுதான்.

கூட்டாகத் தொழ வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால், வெளியூர் யூதர்கள் வந்தால்தான் பத்து சேருமாம். சீட்டாட நாலு பேர் கிடைக்காததற்கே புலம்புகிற அப்பா, இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"சப்பாத்துடா. போய் ஹோட்டல்ல இட்லி வாங்கிட்டு வா."

"அன்னிக்குக் காசையும் தொடக் கூடாதும்மா."

"அது அவங்களுக்கு. நமக்கு அடுப்பு மட்டும் போதும்."