திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி

9 மே 2025, வெள்ளி

இரத்தத்தில் சீனி 214. இறங்கினால்தான் கண்ணைத் தொடுவார்களாம். வலக்கண்ணால் பார்த்தால் முற்றத்து மாமரம் காயப்போட்ட ஈரச்சேலை மாதிரித் தெரிகிறது. இடக்கண் பரவாயில்லை. பெரிய எழுத்தென்றால் எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். இனி நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுவாள். எழுத்துப் பிழைகள் அவளுடையவை.

12 மே, திங்கள்

வெசாக். நாளைக்கும் லீவாம்.

14 மே, புதன்

பிள்ளை அலுமாரி துடைத்தாள். 'நிலக்கிளி' நாவலைக் கையில் எடுத்து, "அம்மம்மா, இது வாசிகசாலைப் புத்தகமெல்லே! 29.11.2008இல குடுக்கச் சொல்லிக் குத்தியிருக்கு" என்றாள்.

தெரியும். எடுத்த இடத்திலேயே வை.

அந்த வாசிகசாலையின் அத்திவாரம் மட்டும் இருக்கிறது. அதில் மாடு படுக்கிறது.

18 மே, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் கஞ்சி. உப்பில்லை.

21 மே, புதன்

பானு முஷ்தாக்குக்குச் சர்வதேச புக்கர்! விடியவே பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். கன்னடத்துக்கு இது முதல் தடவை. 'ஹார்ட் லாம்ப்', 12 கதைகள், முப்பது வருசத்துக்கு மேலாக எழுதியவை. மொழிபெயர்த்தவர் தீபா பாஸ்தி. 50,000 பவுணில் சரிபாதி அவருக்கு. அந்தப் பாதியைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் சந்தோசம்.

சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு போவதும் இதுதான் முதல் முறை. இங்கே சிறுகதை எழுதுகிறவர்களை எல்லாரும் கேட்கிற கேள்வி, "நாவல் எப்ப?" சமைத்துப் பரிமாறிய பிறகு "கலியாண வீடு எப்ப?" என்று கேட்கிற மாதிரி. பானுவுக்கு வயது 77. சட்டத்தரணி. தன் ஊர்ப் பெண்களை விட்டு எங்கேயும் போகாமல் எழுதியிருக்கிறார். எங்கள் எழுத்தாளர் தாமரைச்செல்வியும் இப்படித்தானே, இந்தப் பரந்தன் பக்கத்து வயலையும் வாய்க்காலையும் எழுதினார். காடு வெட்டிக் கழனியாக்கிய சனத்தைப் 'பச்சை வயல் கனவி'ல் வைத்தார். அதை இங்கிலிசில் தர ஒரு தீபா வேண்டாமா?

2022இல் ஷெஹான் கருணாதிலகவுக்குப் புக்கர். 2024இல் பெண் எழுத்தாளர்களுக்கான பெண்கள் பரிசு வி. வி. கணேசானந்தனுக்கு. எங்கள் சண்டைக்கு லண்டனில் மேடை கிடைக்கிறது. புத்தகம் மட்டும் பரந்தன் சந்தி தாண்டி வந்து நான் காணவில்லை. இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

சீனி 197.

24 மே, சனி

நேற்று இரவு நித்திரை இல்லை. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாஸேஜ் நோர்த்' நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 2021 புக்கர் குறும்பட்டியலில் இருந்த நாவல், மருமகன் கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. பாட்டியைப் பராமரித்த ராணி கிணற்றில் விழுந்து இறந்ததைக் கேட்டு, செத்தவீட்டுக்குக் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் வருகிறான் ஒருவன். எங்கள் மண்ணுக்கு வருகிறான் என்றதும் ஆசையாகத்தான் தொடங்கினேன். ஆனால் நாவல் முழுக்க ஒருத்தரும் நேர்ப்பேச்சில் வாய் திறப்பதில்லை. எல்லாம் அவனுடைய நினைப்பு, பக்கம் பக்கமாக ஒரே வசனம்.

பேச்சில்லாத செத்தவீடா? இங்கே ஒப்பாரி ஓயும் முன்னமே பின்பக்கத்தில் வரம்புச் சண்டை தொடங்கிவிடும். பறைச் சத்தத்துக்கு மேலால் "தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்று ஒருத்தி கத்துவாள்.

இருந்தாலும் அந்த ராணி. இரண்டு மகன்மாரையும் கொடுத்தவள். ஆஸ்பத்திரியில் மின்சாரம் பாய்ச்சி வைத்தியம் பார்க்கிறார்கள். இரவு மூன்று மணிக்கு எழுந்து இருந்தபோது அவள் என் கட்டில் நுனியில் இருந்தாள். அப்படியென்றால் எழுதத் தெரிந்தவன்தான்.

26 மே, திங்கள்

பிள்ளை கேட்கிறாள்: "கடைசிப் பக்கங்கள் எங்க? 'நிலக்கிளி' முடிவில்லாமக் கிடக்கு."

கறையான் என்றேன்.

29 மே, வியாழன்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ போய்விட்டார். நேற்று, அமெரிக்காவில். 87 வயது.

பள்ளியில் படிப்பித்த காலத்தில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது அட்டையே இல்லை. 1978இல் கென்யச் சிறையில், மலசலகூடத்துக் கடதாசியில், தாய்மொழியான கிக்குயுவில் எழுதினார். கைதிகளை வருத்தவென்று முரட்டுக் கடதாசியைக் கொடுத்தார்களாம். அந்த முரட்டுத்தனமே பேனைக்கு வசதியாய்ப் போய்விட்டது. தமிழில் எழுதினால் யார் வாசிப்பார் என்று கேட்கிற ஒவ்வொருத்தனிடமும் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

இன்று எனக்கு அந்தக் கடதாசி வேறு மாதிரி உறுத்துகிறது. அவர் துடைக்கிற தாளைப் புத்தகமாக்கினார். நான்? 2009 ஆவணி, செட்டிகுளம் அகதி முகாம். கூடாரத்துக்குள் வெள்ளம். விறகெல்லாம் ஈரம். பால்மாவுக்குச் சுடுதண்ணி வேண்டும், எட்டு மாதக் குழந்தை கத்துகிறது. 'நிலக்கிளி'யைச் சேலைக்குள் சுற்றி அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தேன். தையல் விட்டுக் கடைசிப் போமா தனியாகத் தொங்கியது. பதினாறு பக்கம். ஒவ்வொன்றாக வைத்தேன். வைக்கும்போது வாசிக்கவில்லை.

தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி கொதிச்சதா அம்மம்மா?"

"கொதிக்கேல்லை. சூடு வந்தது."

"காணும்தானே" என்றுவிட்டு மறுபடி தட்டுகிறாள்.

1 யூன், ஞாயிறு

யாழ்ப்பாண நூலகம் எரிந்து 44 வருசம். 97,000 புத்தகங்கள். நான் அதைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். எரித்தவன் என்று சொல்லும்போதெல்லாம் நாக்கு ஒருதரம் தடுக்கும்.

இணையத்தில் 'நூலகம்' தளத்தில் 'நிலக்கிளி' முழுதாகக் கிடக்கிறதாம், 1973 வீரகேசரிப் பதிப்பு. பிள்ளை போனை நீட்டினாள். கடைசிப் பக்கத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டினாள். எனக்கு மங்கல். தான் வாசிக்கட்டோ என்றாள். வேண்டாம், கண் வெட்டின பிறகு நானே வாசிக்கிறேன் என்றேன். சந்திக் கடையில் பிரின்ட் எடுத்துப் புத்தகத்தோடு தைக்கலாமாம். நூல் எந்த நிறம் என்று கேட்கிறாள்.

3 யூன், செவ்வாய்

சீனி 168. வியாழன் வரட்டாம். தலை முழுகிவிட்டு வரவேண்டும், பிறகு கனநாளைக்குத் தலையில் தண்ணி படக்கூடாதாம். முதல் பஸ் ஐந்தரைக்கு. வெள்ளை நூல்தான் வீட்டில் கிடக்கிறது, பிள்ளை