ஏழு தோல்வியோடு ஊர் திரும்பிய பிரேவ்ஸ்: அட்லாண்டாவில் ஒரு வெள்ளிக்கிழமை

தொண்டை கட்டியிருக்கிறது, பர்ஸ் காலி, தூக்கமும் சரியாக இல்லை. ஆனாலும் சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ட்ரூயிஸ்ட் பார்க் பேஸ்பால் மைதானத்துக்குக் காரில்லாமல் எப்படிப் போவது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அணியைப் பற்றிப் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது.

அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி 2025 சீசனை 0-7 என்று, அதாவது ஆடிய ஏழையும் தோற்றுத் தொடங்கியது. மார்ச் 27 அன்று சான் டியேகோவில் ஆரம்பித்து அங்கே நான்கு ஆட்டத்தையும் தோற்றார்கள். அடுத்து லாஸ் ஏஞ்சலஸில் மூன்றும் போனது. அந்தக் கடைசி ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 5-0 என்று முன்னால் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டைவிட, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் எதிரணியின் ஓட்டானி ஒரே அடியில் 6-5 என்று முடித்து வைத்தார். இதற்கு நடுவில் இன்னொரு இடி. மூன்று ஆண்டுக்கு 42 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்த அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் பின்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர்) ஜூரிக்சன் புரோஃபாருக்கு ஊக்கமருந்து விவகாரத்தில் 80 ஆட்டத் தடை. இன்னொரு அவுட்ஃபீல்டரான நட்சத்திர வீரர் ரொனால்ட் அக்கூன்யா 2024 மே மாதம் முழங்கால் தசைநார் கிழிந்ததிலிருந்து அப்போது வரை திரும்பவில்லை. பந்து வீசும் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரும் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேறிக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை இரவு, மயாமி மார்லின்ஸுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் டிகேட்டரில் இருக்கும் என் நண்பன் போனில் கேட்டான்: "ஏண்டா, ஏழும் தோத்த டீமைப் பாக்க சார்லட்டிலிருந்து காசு செலவு பண்ணிட்டு வர்றியா?" அவன் சிஎஸ்கே வெறியன். தோனியை ஒன்பதாவதாக இறக்கி ஆர்சிபியிடம் சேப்பாக்கத்தில் தோற்ற அன்று முழுக்க பேட்டிங் வரிசையைப் பற்றியே என்னிடம் புலம்பித் தீர்த்தவன். "உனக்கு இருக்கிற அதே வியாதிதான்" என்றேன். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, சார்லட்டிலிருந்து வந்த பஸ். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலை ஏழு மணி வண்டி ஒன்பதே காலுக்கு வந்தது. நிழற்குடை இல்லாத வாகன நிறுத்தத்தில் எல்லோரும் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். ஏறினால் ஏசி ஓடவில்லை, கடைசி வரிசைக் கழிப்பறைக் கதவு பூட்டவில்லை, வண்டி வளையும்போதெல்லாம் அது திறந்து திறந்து மூடியது. என் சீட்டின் சாய்மானம் உடைந்திருந்ததால் அட்லாண்டா வரை பின்னால் இருந்தவரின் முழங்கால் என் முதுகில்தான். டிக்கெட் 38 டாலர். தாமதத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று ஓட்டுநரிடம் கேட்டால் இணையதளத்தில் எழுதிப் போடுங்கள் என்கிறார். நான்கு மணி நேரப் பாதைக்கு ஒரு முழுப் பகலைத் தின்கிற சேவை இது. இரண்டு பேராக இருந்தால் காரைப் பகிர்ந்துகொண்டு போய்விடுங்கள்.

வழியில் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதுதான் ஒரே நல்ல விஷயம். உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிய மின்சாரப் பானையில் வேர்க்கடலை தோலோடு வெந்துகொண்டிருந்தது. ஆம், நம்மூர் அவித்த கடலையேதான்! அமெரிக்காவிலேயே அதிகம் கடலை விளைகிற மாநிலம் ஜார்ஜியா, அங்கே இதைச் சாலையோரம் எல்லா இடத்திலும் விற்கிறார்கள். நம் ஆட்கள் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுவார்கள், இவர்கள் மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரிலேயே ஊறவிடுகிறார்கள். தோலைக் கடித்ததும் உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் வாய்க்குள் பீறிட்டு, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடுகிறது. பருப்பு மொச்சைக்கொட்டை போல மசிகிறது. காரம் போட்டது ஒன்று, வெறும் உப்பு ஒன்று. ஒரு கோப்பை 5 டாலர். மூன்று வாங்கினேன். மைதானத்துக்குள் 15 டாலருக்கு விற்கிற பண்டம் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

இப்போது வழி. 2016 வரை பிரேவ்ஸ் நகர மையத்துக்குப் பக்கத்தில் டர்னர் ஃபீல்டில் ஆடினார்கள். 2017-இல் வடமேற்கே காப் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) போய்விட்டார்கள், கவுண்டி மக்களின் வரிப்பணம் சுமார் 300 மில்லியன் டாலரோடு. அங்கே மெட்ரோ ரயில் கிடையாது. 1965-இலேயே மார்ட்டா என்ற அட்லாண்டாவின் ரயில், பஸ் அமைப்பில் சேர மாட்டோம் என்று வாக்களித்த கவுண்டி அது. 2024 நவம்பரிலும் பொதுப் போக்குவரத்துக்கான விற்பனை வரியைத் தோற்கடித்தார்கள். நாற்பதாயிரம் பேர் கூடுகிற இடத்துக்கு ரயில் வேண்டாம் என்று முடிவெடுத்தது எனக்குப் பச்சை அநியாயமாகத்தான் படுகிறது. நான் செய்தது இதுதான்: மார்ட்டாவில் 2.50 டாலர் கொடுத்து ஆர்ட்ஸ் சென்டர் நிலையம், அங்கிருந்து காப் கவுண்டியின் உள்ளூர்ப் பேருந்தில் கம்பர்லண்ட், பிறகு 285 நெடுஞ்சாலைக்கு மேல் போகும் நடைமேம்பாலம். போவதற்கு இது போதும். இரவு திரும்புவதற்கு இதை நம்பாதீர்கள்.

டிக்கெட்: மறுவிற்பனையில் மேல் மாடி, 58 டாலர் என்று காட்டினார்கள். பணம் கட்டும் பக்கத்தில் 17 டாலர் 'கட்டணம்' சேர்ந்து 75. கொதித்தது, ஆனால் கட்டினேன். உள்ளே போனதும் பிரேவ்ஸின் ஜாம்பவான் ஹேங்க் ஏரன் சிலையைப் பார்க்காமல் இருக்கைக்குப் போகாதீர்கள். பின்னால் மட்டைகளாலேயே 755 என்ற எண்ணை அமைத்திருக்கிறார்கள், அவர் அடித்த மொத்த ஹோம் ரன்கள் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது). 715-ஆவதை அடித்து பேப் ரூத்தின் சாதனையை அவர் தாண்டியது இதே அட்லாண்டாவில், 1974 ஏப்ரல் 8 அன்று. கறுப்பர் ஒருவர் அந்தச் சாதனையைத் தொடக் கூடாது என்று மிரட்டல் கடிதங்கள் குவிந்த நாட்களில் அடித்தார். அங்கே நின்றபோது எனக்குச் சிலிர்த்தது.

இனி இருக்கை. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். என் இடப்பக்கம் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், மடியில் ஸ்கோர் அட்டை, காதில் செருகிய பென்சில். முன் வரிசையில் நர்சிங் படிக்கிற பெண்ணும் அவள் தம்பியும். அவன் போட்டிருந்தது டேல் மர்ஃபியின் 3-ஆம் எண் ஜெர்சி. மர்ஃபி 1982, 83 என்று அடுத்தடுத்து மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர், இவன் பிறப்பதற்கு எவ்வளவோ முந்தைய ஆள். நான் கடலைக் கோப்பையை நீட்டினேன். பெரியவர் இரண்டு எடுத்துக்கொண்டு, "லைன்-அப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், மார்லின்ஸ் மட்டை பிடிக்கும் வரை ஓயவில்லை.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக: இங்கே ஒன்பது பேர் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப மட்டை பிடிக்க வருவார்கள். மேலே இருப்பவருக்கு அதிக வாய்ப்பு. ஒரு இடம் கீழே இறங்கினால் சீசன் முழுக்க பதினைந்து இருபது வாய்ப்பு குறையும். அதனால் முதல் ஆள் எப்படியாவது பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றி ஓடித் தொட வேண்டிய இடம்) போய்ச் சேருபவராக இருக்க வேண்டும். 2023-இல் அக்கூன்யா அந்த இடத்தில் நின்று 41 ஹோம் ரன் அடித்து, 73 பேஸ் திருடினார் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அந்த ஆண்டு அணி 307 ஹோம் ரன், 947 ரன். அன்று அவர் இல்லை. பிறகு யார்?

2024 சீசன் முடிவில் அந்த இடத்தில் ஆடிய மைக்கேல் ஹாரிஸ் வேண்டவே வேண்டாம் என்றாள் அந்தப் பெண். "அவர் கண்ணில் படுகிற எல்லாப் பந்துக்கும் மட்டையை வீசுகிறார், வாக் வாங்குவதே இல்லை. ஒசூனாவைப் போடுங்கள்!" வாக் என்றால் தவறாக வீசிய நான்கு பந்தை விட்டுவிட்டு முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போவது. மார்செல் ஒசூனா 2024-இல் 39 ஹோம் ரன் அடித்தவர், பொறுமையாக வாக்கும் வாங்குவார், ஆனால் ஓட்டம் மெதுவு. "மெதுவாக ஓடினால் என்ன? ஃபிலடெல்ஃபியா போன ஆண்டு கைல் ஷ்வார்பரை வைத்து அதைத்தானே செய்தது?" தம்பிக்கு முதல் இடத்தில் ஆஸி ஆல்பீஸ் வேண்டும். அதோடு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நின்று பந்து பிடிப்பவர்) ஆர்சியாவை உட்கார வைத்துவிட்டு நிக் ஆலனை எடுக்க வேண்டும், பந்தையாவது ஒழுங்காகப் பிடிப்பார் என்றான்.

பெரியவர் ஸ்கோர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் அவரே பென்சிலால் எழுதிய வரிசை, இரண்டு பெயர்களை அழித்து மறுபடி எழுதிய தடம், காகிதம் அங்கே மெலிந்து கிழியும் நிலையில் இருந்தது. "வீட்டில் நான் எழுதுவேன். ஆனால் ஸ்னிட்கர் எதையும் மாற்றக் கூடாது" என்றார். 2025 சீசன் வரை மேனேஜராக (வரிசையை முடிவு செய்யும் தலைமைப் பயிற்சியாளர்) இருந்த பிரையன் ஸ்னிட்கர் 1977-இல் இந்த அமைப்புக்கு வந்தவர், வரிசையைச் சட்டென்று கலைக்கிறவர் இல்லை. பெரியவர் 1982-இல் முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்த பிரேவ்ஸைப் பார்த்தவர். 1988-இல் முதல் 10 ஆட்டத்தையும் தோற்ற பிரேவ்ஸையும் பார்த்தவர். "2021-ஐ மறந்துட்டீங்களா? முதல் நான்கும் தோத்தோம், ஜூலையில அக்கூன்யா விழுந்தான், ஆகஸ்ட் வரைக்கும் வெற்றி தோல்வியை விட அதிகமாகவே இல்லை. கடைசியில வேர்ல்ட் சீரிஸ் கோப்பை யாருக்கு?" அந்தப் பெண் விடவில்லை. "அப்போது நான்கு அவுட்ஃபீல்டர்களை வாங்கினார்கள். இப்போது யாரை வாங்கினார்கள்?"

நான் அவள் பக்கம்தான். ஒசூனாவை முதலில் இறக்குவதில் எனக்கும் சம்மதம், ஆனால் நோய் வரிசையில் இல்லை. அவுட்ஃபீல்டின் இரண்டு ஓரங்களிலும் ஓட்டை. அங்கே ஆடிய கெலெனிக்கையும் டி லா க்ரூஸையும் எந்த எண்ணில் போட்டாலும் அந்த ஓட்டை அடைபடாது. பந்து வீசுபவர்களில் மேக்ஸ் ஃப்ரீட் 218 மில்லியனுக்கு யாங்கீஸ் போனார், மார்ட்டன் பால்டிமோர் போனார், அந்த இடங்களுக்குச் சரியான ஆட்களை வாங்காமல் காயம் ஆறட்டும் என்று காத்திருப்பது ஒரு திட்டமே இல்லை. 2011-இல் டாம்பா பே அணி 0-6 என்று தொடங்கியும் பிளேஆஃப் போனது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரத்தை ஓட்டினேன், ஆனால் இது 0-7.

ஆட்டத்தைப் பற்றி? 10-0 என்று ஜெயித்தோம்! ஸ்பென்சர் ஷ்வெல்லன்பாக் எட்டு இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன் தரவில்லை. அவர் நிதானமாக ஒவ்வொருவராக வெளியேற்ற, மைதானத்தில் ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. மட்டையும் எழுந்தது. பெரியவர் ஒவ்வொரு ரன்னுக்கும் கட்டத்தைக் கறுப்பாக்கினார், ஒருகட்டத்தில் பென்சில் முனை மழுங்கிவிட, நான் பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். ஆட்டத்துக்கு நடுவில் எல்லோரும் கையைக் கோடரி போல வெட்டி ஒரு கோஷம் போடுவார்கள். அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவரும் வழக்கம் அது. நான் கையைத் தூக்கவில்லை. பிரேவ்ஸ் அதை விட்டுவிடலாம், கூட்டத்துக்குக் கத்த வேறு நூறு வழி இருக்கிறது.

திரும்பும் செலவுதான் கடைசி அடி. வாடகைக் கார் செயலியில் டிகேட்டருக்கு 92 டாலர் காட்டியது. வெளியே ஒரு ஆள் காரை நிறுத்திக்கொண்டு ரொக்கமாக 100 கேட்டார், பேரம் பேசினால் "இன்னைக்கு ஜெயிச்சிருக்கோமே, 90" என்கிறார். இரண்டையும் விட்டுவிட்டு நடைமேம்பாலத்தைத் தாண்டி மறுபக்கம் போய், கூட்டம் கரையும் வரை முக்கால் மணி நேரம் நின்றேன். அதே செயலி 41 காட்டியது. இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 51 டாலர் மிச்சம். அப்புறம் இன்னொன்று: பெரிய ஜிப்லாக் பையில் போட்டால் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் சரி. என் புளியோதரைக்கு வாசலில் ஒரு கேள்வியும் வரவில்லை. தங்கியது நண்பன் வீட்டில், அதற்குச் செலவில்லை. பஸ் போக வர 76, டிக்கெட் 75, கார் 41, கடலை 15, ரயில் பஸ் சில்லறை எல்லாம் சேர்த்து 215 டாலருக்குள் முடிந்தது.

அக்கூன்யா ஆடுவதைப் பார்க்க மறுபடி போவதாக இருக்கிறேன். அந்தப் பெண்ணும் தம்பியும் மேல் மாடியிலேயே டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், சார்லட்டிலிருந்து யாராவது காரில் கிளம்பினால் பெட்ரோலில் பாதி நான் தருகிறேன்.